‘ஃபாங்பியென்’: வசதி என்று எழுதி வைத்தால் போதுமா?

சீனாவுக்கு இயந்திரம் வாங்கச் செல்லும் நம் வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக உடன் செல்வது என் தொழில். இந்தத் தொழிலில் அதிகக் குழப்பம் விளைவித்த சொல் எது என்று கேட்டால், ஒப்பந்தங்களில் வரும் கடினமான சட்டச் சொற்கள் எதையும் நான் சுட்டமாட்டேன். சீனம் கற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே எவரும் மனப்பாடம் செய்துவிடும் ‘ஃபாங்பியென்’ என்ற சொல்லைத்தான் சுட்டுவேன். எச்எஸ்கே எனப்படும் சீன மொழித் தேர்வின் பழைய பட்டியலில் அது 3ஆம் நிலைச் சொல். அகராதியைப் புரட்டினாலும் கைபேசிச் செயலியைக் கேட்டாலும் ‘வசதி’ என்று ஒற்றைப் பொருளே முதலில் வந்து நிற்கும். பொருள் தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பிப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவது ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன், குவாங்சோவுக்கு அருகில் ஒரு நிறுவனத்துக்குத் திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவரை அழைத்துச் சென்றிருந்தேன். விலை ஏறக்குறைய முடிவாகிவிட்ட நிலையில், இயந்திரம் தயாராகும் பட்டறையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். விற்பனை மேலாளராக இருந்த பெண்மணி தேநீரை ஊற்றியபடியே, “ஜின்தியென் பு தாய் ஃபாங்பியென்” என்றார். “இன்று அவ்வளவு வசதிப்படாது என்கிறார்” என்று நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். வாடிக்கையாளர் அதை நேரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, “நான் இன்னும் மூன்று நாள் இங்கேதான் இருக்கிறேன், நாளைக்கு வரட்டுமா?” என்றார். மேலாளர் சிரித்துக்கொண்டே “ட்ஸாய் ஷுவோ பா”, அதாவது ‘பிறகு பார்க்கலாம்’, என்று சொல்லிக் கோப்பையை மீண்டும் நிரப்பினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் இவர் கேட்கக் கேட்க, அங்கிருந்து வரும் மறுமொழிகள் சுருங்கிக்கொண்டே போயின. அந்த நிறுவனத்துக்குச் சொந்தப் பட்டறையே கிடையாது, வேறோர் இடத்தில் செய்ததை வாங்கி விற்பவர்கள் அவர்கள் என்பது முன்பணம் கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. முதல் நாளிலேயே அந்தப் பெண்மணி ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார். அதை ‘இன்று முடியாது’ என்று காதில் வாங்கியது நான். அந்தப் பிழையில் பாதிக்கு மேல் என்னுடையதே.

எண்ணிப் பார்த்தால், தமிழர்களாகிய நமக்கு இது விளங்காத நுட்பம் அல்ல. பெண் கேட்டு வந்தவர்களிடம் “தோதுப்படாதுங்க” என்று ஒருவர் சொன்னால், அடுத்த வாரம் தோதுப்படுமா என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை. ‘வசதி’யைக் காட்டிலும் ‘தோது’ என்ற நம் பேச்சுச் சொல்லே ஃபாங்பியென்னுக்கு நெருங்கிய உறவு என்பது என் கருத்து. “ஷோவ்தோவ் பு ஃபாங்பியென்” என்றால் கையில் பணம் தோதாக இல்லை என்று பொருள். “துயிஜியாவ் பு ஃபாங்பியென்” என்றால் நடமாடக் கால்கள் ஒத்துழைக்காத முதியவர் நினைவுக்கு வர வேண்டும். வீசாட் என்ற சீனக் கைபேசிச் செயலியில் அழைக்கும் முன் “ஷுவோஹுவா ஃபாங்பியென் மா?” என்று ஒரு வரி வந்தால், பேசத் தோதான இடத்தில் இருக்கிறீர்களா, பக்கத்தில் ஆள் உண்டா என்பதே கேள்வி. மற்ற வாடிக்கையாளருக்கு என்ன விலைக்குக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்டு, “பு ஃபாங்பியென் ஷுவோ” என்ற பதில் வந்தால், அது சொல்லக் கூடாத செய்தி. அத்துடன் விட்டுவிடுவது மரியாதை.

விருந்தின் நடுவில் ஒருவர் “ஃபாங்பியென் ஈஷியா” என்று எழுந்து போனால், அவர் கழிப்பறைக்குப் போகிறார். நாம் ‘ஒதுங்கிவிட்டு வருகிறேன்’ என்பதைப் போன்ற இடக்கரடக்கல்தான் இது. உங்களுக்கு ஃபாங்பியென்னான நேரத்தில் வந்து பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்லக் கேட்டு வெளிநாட்டுக்காரர் பதறிப்போன கதை, சீனம் படிக்கும் மாணவர்களிடையே மிகவும் பழையது.

இத்தனை பொருள்களைச் சுமக்கும் இச்சொல்லின் பின்னணியில் பௌத்தம் இருக்கிறது. கேட்போரின் பக்குவத்துக்கு ஏற்ற வழியில் அறத்தைப் புகட்டுவதைக் குறிக்கும் ‘உபாயம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு ஈடாகச் சீன மொழிபெயர்ப்பாளர்கள் ஃபாங்பியென்னை ஆண்டார்கள். 406ஆம் ஆண்டில் சாங்ஆன் நகரில் குமாரஜீவர் என்ற துறவி சீனத்தில் பெயர்த்த தாமரைச் சூத்திரம் என்னும் பௌத்த நூலின் இரண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பே இதுதான். உபாயம் நமக்கும் பழகிய சொல். நாம் அதைத் தந்திரத்தின் பக்கம் சாய்த்துவிட்டோம், அவர்கள் அன்றாட வசதியின் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். எதிரில் இருப்பவரின் நிலை அறிந்து நடத்தல் என்ற பழைய சாயல் மட்டும் சீனத்தில் இன்றும் மங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இப்போதெல்லாம் “பு ஃபாங்பியென்” என்று கேட்டவுடன், ‘மறுக்கிறார், காரணம் சொல்ல விரும்பவில்லை’ என்றே வாடிக்கையாளரிடம் பெயர்த்துச் சொல்கிறேன். உண்மையிலேயே நேரம்தான் தடை என்றால், அவர்களே வேறு நாளைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், ஒரே ஒருமுறை “நின் ஷென்மெ ஷிஹோவ் ஃபாங்பியென்?”, உங்களுக்கு எப்போது தோதுப்படும், என்று கேட்கலாம். அதற்கும் நாள் கிடைக்கவில்லையென்றால் முன்பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபாங்பியென்னில் வரும் ‘பியென்’ என்ற எழுத்தே, மலிவு என்ற பொருளுடைய ‘பியென்யி’யிலும் வருகிறது, பேரம் பேசுபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். தமிழில் இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதுகிறோம், சீனரின் காதிலோ அவை வெவ்வேறு ஒலிகள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: மலிவுக்கான பகரத்தில் காற்று கையில் மோத வேண்டும், குரல் மேலே ஏற வேண்டும், ஃபாங்பியென்னின் பகரத்தில் காற்று படக் கூடாது, குரல் சட்டென இறங்க வேண்டும்.