நாலு மணி நேர விமானம், முப்பது மணி நேரப் பயணம்

"நாலு மணி நேரத்துல துபாய் போயிடுது, அதுக்கு எதுக்குங்க கூலிங்?" காய்கறி ஏற்றுமதியில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானத்தில் சரக்கு அனுப்பித் தரும் தொழிலில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் முதல் லோடிலேயே பணத்தை இழந்து, தொழிலையே விட்டுப் போனவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் விடியற்காலையில் பறித்த முருங்கைக்காய் மதியத்துக்கு மேல்தான் தரம் பிரித்துப் பெட்டிக்குள் போகிறது. ராத்திரி வண்டியில் திருச்சிக்கு வருகிறது. விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே சரக்கு முனையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். எடை, எக்ஸ்ரே, சுங்கம், அப்புறம் டிராலியில் ஏற்றி விமானத்தின் பக்கத்தில் வெயிலில் காத்திருப்பு. அந்த ஊரில் இறங்கியதும் இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. எல்லாம் சேர்ந்தால் முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. பறக்கும் நாலு மணி நேரத்தில் காய்க்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கெடுவதெல்லாம் தரையில்தான்.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, அதில் சூடு பிறக்கிறது. வயலில் ஏறிய வெயில் சூடும் உள்ளேயே இருக்கிறது. இப்படிச் சூடாக இருக்கும் காயை நேராகத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு மூடினால், அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை. தெர்மோகோல் எதையும் குளிரவைக்காது, உள்ளே இருப்பதை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த காயைப் போட்டால் குளிர்ச்சி நிற்கும், சூடான காயைப் போட்டால் சூடு நிற்கும். ஆகவே பேக்கிங்குக்கு முன்னால் குளிர் அறையில் வைத்து ப்ரீகூலிங் செய்வதுதான் முதல் வேலை. ஊசி முனை உள்ள தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, காயின் உள்ளே குத்திப் பாருங்கள். அறையின் டிஸ்ப்ளே 10 டிகிரி காட்டும், நடுப்பெட்டியில் இருக்கும் கத்தரிக்காயின் உள்ளே 24 இருக்கும். நம்ப வேண்டியது காய்க்குள் இருக்கும் எண்ணைத்தான்.

குளிர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் என்றும் நினைத்துவிடக் கூடாது. '2 முதல் 8 டிகிரி' என்று புக்கிங்கில் போடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் மருந்துக்கான கணக்கு. வாழைக்காயை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் சாம்பல் நிறமாகிவிடும், அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது. வெண்டைக்காய்க்கு 7 முதல் 10, கத்தரிக்கும் பாகலுக்கும் 10 முதல் 12. கொத்தமல்லிக்கோ பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். குளிர் அடிபட்ட காய் பெட்டியில் இருக்கும்வரை நன்றாகவே தெரியும். கடையில் எடுத்து அடுக்கி ஒரு நாள் போன பிறகுதான் குழிகுழியாக விழும், தோல் கறுக்கும். வாங்கியவர் போன் செய்யும்போது நமக்கு ஒன்றும் புரியாது.

கலந்து ஏற்றும்போது இன்னொரு தொல்லை உண்டு. பழுக்கத் தொடங்கிய மாம்பழமும் வாழையும் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் பாகற்காய் இருந்தால் மஞ்சளாகும், கீரை இருந்தால் இலை உதிரும். ஒரே ஏர்வே பில்லில், அதாவது விமானச் சரக்குச் சீட்டில், போகட்டும், தவறில்லை. அடுக்கும்போதும் குளிர் அறையில் வைக்கும்போதும் தள்ளி வையுங்கள்.

கறிவேப்பிலையைக் கழுவி ஈரத்தோடு கட்டி அனுப்புவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேல் கட்டு பச்சையாக இருக்கும், பிரித்தால் நடுவில் கறுத்து, கையில் ஒட்டும். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தில் எடைக்கு மட்டும் காசு இல்லை, இடத்துக்கும்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. இதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் பில். 60, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு 16 கிலோ வரும். உள்ளே கறிவேப்பிலை 7 கிலோதான் பிடித்தாலும் கட்டுவது 16 கிலோவுக்கு. விலை பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

நம் ஊர்ச் சரக்கு பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. பயணிகளின் பெட்டிக்கு முதல் உரிமை. லக்கேஜ் அதிகமானால் நம் சரக்கு ஆஃப்லோடு ஆகி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும். இது நடக்கவே நடக்காது என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு நாள் தாமதத்தைத் தாங்கும்படி பேக்கிங்கும் குளிரூட்டலும் இருக்க வேண்டும். கிழமையையும் பாருங்கள். சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். வார விடுமுறைக்கு முந்தின இரவு போய் இறங்கும்படி புக் செய்துவிட்டு, பெட்டி கிளியர் ஆகவில்லை என்று தவிப்பதில் அர்த்தமில்லை.

டிரை ஐஸ் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. உருகித் தண்ணீராகாமல் நேராக வாயுவாகும். ஒரு கிலோவிலிருந்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயு வரும். பெட்டியைச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தால் வெடிக்கும். மூடிய இடத்தில் அந்த வாயு நிறைந்தால் மூச்சுத் திணறும், அதே அறையில் உயிருள்ள பிராணிகள் போனால் செத்துவிடும். அதனால்தான் ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலில் யூஎன் 1845 என்ற எண்ணில், 9-ஆம் வகுப்பு அபாயச் சரக்காக வைத்திருக்கிறார்கள். வாயு வெளியேற வழி, லேபிள், பெட்டியில் டிரை ஐஸ் எத்தனை கிலோ என்ற குறிப்பு, ஏர்வே பில்லில் பதிவு, எல்லாம் வேண்டும். ஒரு விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வரம்பு உண்டு. "கொஞ்சம்தானே, சொல்லாம வெச்சிடலாம்" என்று கேட்பவர்களின் சரக்கை நான் தொடுவதில்லை. மேலே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மீனுக்குச் சாதா ஐஸ் போட்டால் தண்ணீர் கசியும். உப்பு கலந்த அந்த நீர் விமானத்தின் உலோகத்தை அரிக்கும் என்பதால் பல நிறுவனங்கள் வாங்கவே மாட்டார்கள். ஜெல் ஐஸ், உள்ளே தடித்த பாலிதீன் உறை, ஈரம் உறிஞ்சும் தாள் என்று போவதே நல்லது.

ஃப்ரோஸன் பரோட்டா, இட்லி, உறைந்த இறால் எல்லாம் மைனஸ் 18-இல் நிற்க வேண்டியவை. சாம்பிளுக்கோ அவசரத்துக்கோ தவிர, இவற்றை விமானத்தில் அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ரீஃபர் என்னும் குளிரூட்டும் கன்டெய்னரில் கப்பலில் போனால் வழி முழுக்க மின்சாரத்தில் குளிர் நிற்கும், கட்டணமும் மிகக் குறைவு. பாக்கெட்டுக்குள் பெரிய பெரிய ஐஸ் கட்டிகள் ஒட்டியிருந்தால், அது நடுவில் உருகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம். அதை யாருக்கும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது.

காகிதங்களில் நான் அதிகம் பயப்படுவது பைட்டோவுக்கு, அதாவது பயிர்ப் பாதுகாப்புத் துறை தரும் தாவர நலச் சான்றிதழுக்கு. அதில் இல்லாத ஒரு கட்டு கீரை பெட்டிக்குள் இருந்தாலும் முழு லோடும் மாட்டிக்கொள்ளும். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது நினைவிருக்கலாம். முந்தைய ஆண்டில் போன லோடுகள் சிலவற்றில் பழ ஈ போன்ற பூச்சிகள் பிடிபட்டதுதான் காரணம். சிலர் செய்த அலட்சியத்துக்கு நாடு முழுக்க உள்ள விவசாயிகள் விலை கொடுத்தார்கள். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது. கறிவேப்பிலையிலும் வெண்டையிலும் பூச்சிமருந்து எச்சத்தை அங்கே இன்றும் கூர்ந்து சோதிக்கிறார்கள். தோட்டத்தில் கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் சரக்கு எடுக்காதீர்கள்.

கெட்டுப்போனால் நஷ்ட ஈடு கிடைக்குமா என்றால், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்பது வரம்பு. காய்கறி விலைக்கு அது தாராளம். ஆனால் பொருளின் இயல்பாலோ அனுப்பியவரின் மோசமான பேக்கிங்காலோ கெட்டது என்று அவர்கள் காட்டிவிட்டால் பொறுப்பு இல்லை. வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியும் தாமதத்தால் வந்த இழப்பை ஒதுக்கிவிடும், அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிந்துகொண்டே வரும் டேட்டா லாகர் ஒன்று வைத்தால் எந்த நேரத்தில் சூடு ஏறியது என்பதற்குச் சாட்சி கிடைக்கும். லித்தியம் பேட்டரி உள்ளதென்றால் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பெட்டியை எடுப்பவரிடம் சொல்லிவையுங்கள்: டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடும் முன்பே சேதத்தை எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும். எழுத்துப்பூர்வப் புகாருக்குச் சேதம் என்றால் 14 நாள், தாமதம் என்றால் 21 நாள் அவகாசம்.