கொசு நெட்டு தூசியும் தண்ணியோட ஓரமும்

வீடு கிளீனிங் எடுத்து செய்யற தம்பி ஒருத்தர் எங்க ஃப்ளாட்டு கொசு நெட்டையெல்லாம் கழட்டி பால்கனில சாய்ச்சு வச்சுட்டு கேட்டார், "அண்ணே, எவ்ளோ தட்டினாலும் பாதி தூசி அப்படியே நிக்குது, ஈரத்துணிய வச்சு ஒரு இழுப்பு இழுத்தா வந்துடுது, எப்படிண்ணே?" தண்ணில கரைஞ்சுடும்பான்னு சொல்லி சமாளிச்சேன். தப்பு. மண்ணு தண்ணில கரையவே கரையாது.

முதல்ல அந்த தூசி ஏன் நெட்டுல நிக்கணும்? சாதாரண ஃபைபர் நெட்டுல ஒரு ஓட்டை 1 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும், வீட்டுக்குள்ள வர்ற தூசி 10 மைக்ரான்னு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வச்சுக்கிட்டா அதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதனால சல்லடைல மாட்டற கதையே கிடையாது. காத்து கம்பிய சுத்தி வளைஞ்சு போகும், கனமான தூசியால அந்த வளைவுல திரும்ப முடியாது, மணல் கிடக்கற திருப்பத்துல வேகமா பைக் ஓட்டறவன் மாதிரி நேரா போய் மோதும். ரொம்ப பொடிசா இருந்தா காத்து மூலக்கூறுங்க இடிச்சு இடிச்சு தள்ளாடி வந்து ஒட்டும், ஸ்கூல்ல படிச்ச பிரௌனியன் இயக்கம்தான்.

ஒட்டினது ஏன் விழல? ஒரு தூசி 10 மடங்கு சின்னதானா அதோட எடை 1000 மடங்கு குறையும், ஆனா கம்பியோட ஒட்டற விசை (வான் டெர் வால்ஸ் விசை) சுமார் 10 மடங்குதான் குறையும். சின்னதாக ஆக எடை ஒண்ணுமில்லாம போயிடும், ஒட்டல்தான் ஜெயிக்கும். தட்டறது, உதறறது எல்லாம் எடைய நம்பி செய்யற வேலை. ஊதினாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, கம்பிய ஒட்டின இடத்துல காத்தோட வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதான் நாள் முழுக்க சுத்தற ஃபேன் றெக்கைலயே தூசி படிஞ்சு கிடக்கு.

இப்ப தண்ணிக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதான். ஒரு சொட்டு கம்பி மேல வழிஞ்சு வருதுன்னா தூசிய தூக்கறதுல பெரிய பங்கு தண்ணியோட *ஓரத்துக்கு*, அதாவது தண்ணியும் காத்தும் சந்திக்கற அந்த கோட்டுக்கு. அந்த பரப்பு இழுத்து கட்டின ரப்பர் தோல் மாதிரி. ஓரம் தூசிய தாண்டும்போது அந்த தோல் தூசியோட இடுப்புல சுத்தி பிடிச்சு இழுக்கும். கணக்கு போட்டு பாத்தேன், 10 மைக்ரான் மண் துகளுக்கு அந்த இழுப்பு அதோட எடைய விட ஒரு லட்சம் மடங்குக்கு மேல வரும்! அப்போ எவ்ளோ தண்ணி ஊத்தறோம்ங்கறத விட அந்த ஓரம் எத்தனை தடவை தூசிய தாண்டுதுங்கறதுதான் முக்கியம். ஓடற தண்ணியும் கொஞ்சம் தள்ளும்தான், ஆனா பிழிஞ்ச ஈரத்துணில குட்டி குட்டியா ஆயிரம் ஓரம் இருக்கு, ஒரே இழுப்புல அத்தனையும் தாண்டுது. வாளி வாளியா கொட்டறது தண்ணி வேஸ்ட்டு.

தாமரை இலைல உருள்ற சொட்டு தூசிய வாரிக்கிட்டு போறதும் இதே இழுப்புதான். தாமரை இலைத் தண்ணி மாதிரின்னு நாம தினம் பேசறோம், கோயில் குளத்துக்கு குளம் இலை கிடக்கு, ஆனா அதை மைக்ரோஸ்கோப்ல வச்சு ஏன்னு கேட்டு 1997ல கட்டுரை போட்டது ஜெர்மனியோட பான் பல்கலைக்கழகத்து பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும். "இலை ஏன் அழுக்காகல"ன்னு ஒரு புரொபோசல் எழுதினா நம்ம ஊர்ல எந்த கமிட்டி காசு குடுக்கும்னு நினைக்கறீங்க?

ஆனா இதே ஓரம் காலையும் வாரும். நனைச்சுட்டு அப்படியே விட்டா தண்ணி காயும்போது ஓரம் பின்வாங்கி கம்பிங்க குறுக்கால சந்திக்கற மூலைல போய் ஒதுங்கும், பொறுக்கின தூசியெல்லாம் அங்கயே இறக்கி வச்சுடும். கழுவின நெட்ட கிட்ட போய் பாருங்க, கம்பி வெளுப்பா இருக்கும், முடிச்சு மட்டும் கறுப்பு புள்ளியா நிக்கும். போர் தண்ணின்னா உப்பு வேற சிமெண்ட் மாதிரி சேர்ந்துக்கும். அதனால முதல்ல காஞ்ச பிரஷ்ஷோட வேக்கம் போட்டு வர்ற அளவு தூசிய எடுத்துடணும், அப்புறம் ஈரத்துணி, காயறதுக்குள்ள காஞ்ச துணிய வச்சு ரெண்டு பக்கமும் ஒத்தி எடுக்கணும்.

கிச்சன் நெட்டு மட்டும் இதுக்கெல்லாம் மசியாது. சூரியகாந்தி எண்ணெய் ஆவி காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கைகோத்து கோந்து ஆயிடும், தேங்காய் எண்ணெய்ல அது ரொம்ப கம்மி. வெந்நீர்ல பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு அரை மணி நேரம் ஊற வச்சுட்டு தேய்க்கணும். சலவை சோடா போடறதுக்கு முன்னாடி நெட்டு அலுமினியமான்னு ஒரு தடவ பாத்துக்கங்க, சோடா அலுமினியத்தையே அரிச்சுடும்.

தம்பிகிட்ட இத்தனையும் போன்ல சொன்னேன். "அப்போ நான் பண்றது கரெக்ட்தான்ல?"ன்னார்.