ஆமைக்கு முன்னால் தொட்டி வரட்டும்

சென்ற மாதம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா, சிவப்புக் காது ஆமைக் குட்டி ஒன்றை ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து எடுத்துவந்தார். கூடவே பள்ளிச் சீருடையில் அவர் மகள். ஆமையின் இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக் கிடந்தன. ஓட்டின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினேன். தண்ணீரில் ஊறிய அட்டையைப் போல அமுங்கியது.

"ஜன்னல் ஓரத்தில்தான் வைத்திருக்கிறோம், டாக்டர். காலை வெயில் முழுக்கத் தொட்டி மேல்தான் விழுகிறது" என்றார் அவர்.

வெயில் விழுந்தது உண்மைதான். ஆனால் ஆமைக்கு வேண்டியது ஜன்னல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடலில் சேராது. எலும்பிலும் ஓட்டிலும் இருப்பதையே உடல் கரைத்து எடுத்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. வெளிச்சமும் சூடும் மட்டுமே உள்ளே வருகின்றன. வீட்டு எல்இடி விளக்கிலும் அந்தக் கதிர் கிடையாது. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா பி விளக்கை, நடுவில் கண்ணாடி மூடி இல்லாமல் பொருத்த வேண்டும். அதையும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.

இதைச் சொன்னால், "அப்படியானால் மொட்டைமாடியில் வைத்துவிடுகிறேன்" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்னி நட்சத்திரத்தில், காட்பாடி வீடு ஒன்றில் காலையில் மாடியில் வைத்த தொட்டியைப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நினைத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. என்னிடம் கொண்டுவந்தபோது ஆமைக்கு உயிர் இல்லை. ஊர்வனவற்றுக்கு வியர்க்காது, சூடு கூடினால் நகர்ந்து போவதுதான் அவற்றுக்கு வழி. நகர இடமில்லாத தொட்டியில் அதுவும் அடைபட்டுவிடுகிறது.

அதனால் தொட்டியில் இரண்டு இடங்கள் வேண்டும். ஒரு முனையில், ஏறி முழுவதும் உலர்ந்து உட்கார ஒரு கல் அல்லது பலகை. விளக்கின் கீழ் அங்கே 30 முதல் 33 டிகிரி செல்சியஸ். மறுமுனையில் 24 முதல் 28 டிகிரியில் தண்ணீர். எங்கே இருப்பது என்பதை ஆமையே முடிவு செய்துகொள்ளும். இரண்டு இடத்துக்கும் தனித்தனி வெப்பமானி வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்லும். வேலூரில் மார்கழி, தை விடியற்காலைகளை விட்டால் அதற்குப் பெரிதாக வேலையில்லை. இங்கே நம் கவலையெல்லாம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதம்தான். மேற்குச் சுவரை ஒட்டியோ, மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள அறையிலோ தொட்டியை வைக்க வேண்டாம்.

தொட்டியின் அளவுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சிறு கிண்ணத்தை ஆமையின் வீடு என்று விற்கவே கூடாது என்பது என் கருத்து. நாணயம் அளவில் வாங்கும் பெண் குட்டி 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், 20, 30 ஆண்டுகள் வாழும். அப்போது அதற்கு 300 லிட்டருக்குக் குறையாத தொட்டியும் நல்ல வடிகட்டியும் தேவை. அந்த இடம் வீட்டில் இல்லையென்றால் குட்டியை வாங்காதீர்கள். வளர்ந்த பிறகு கோட்டை அகழியிலோ ஏரியிலோ விட்டுவிடவும் கூடாது. அது அமெரிக்க இனம். நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

நட்சத்திர ஆமை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். கையில் வந்துவிட்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இகுவானா என்ற பெரிய பல்லி, பால் பைத்தான் (Ball python) என்ற மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். நலமாகத் தோன்றும் ஆமையிடமும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரவைக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் ஆமையே வேண்டாம் என்பேன்.

அந்தச் சத்துவாச்சாரிக் குட்டிக்குக் காய்ந்த இறால் மட்டுமே உணவாக இருந்தது. கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவே காரணம். தரமான ஆமைத் தீவனம், முள்ளோடு சிறுமீன், கீரை, துருவிய கேரட் என்று மாற்றச் சொன்னேன்; விளக்கும் வாங்கிவிட்டார்கள். நேற்று மூன்றாம் முறையாக வந்தார்கள். இரண்டு வெப்பமானிகளின் அளவையும் தினமும் குறித்த நோட்டை அந்தப் பெண் என்னிடம் நீட்டினாள். குட்டியின் இடது கண் பாதி திறந்திருக்கிறது. ஓடு இன்னும் கெட்டிப்படவில்லை.