காளவாசல் சிக்னலில் நிற்கும் யெஸ்டி

உசிலம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி. மாட்டுக்கொட்டகையில் 11 வருடம் கிடந்த அப்பாவின் யெஸ்டி பைக்கை மெக்கானிக் ஒருவழியாக ஓட வைத்துவிட்டார். செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை எல்லாம் தாண்டி ஒழுங்காக வருகிறது. மதுரை காளவாசல் சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. "அண்ணே உசுரு அந்த வண்டியிலதான்டா இருக்கு, வேற ஆள ஓட்ட விடாது" என்கிறாராம் அத்தை.

சிவப்பு விளக்கைப் பார்த்தால் மட்டும் கோபம் வருகிற ஆவியை நான் கேள்விப்பட்டதில்லை.

ரோட்டில் ஓடுகிறது என்றாலே பிளக், பிளாட்டினம் (பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்), கம்ப்ரஷன் எல்லாம் சரி. டேங்க் துருவையும் மெக்கானிக் கழுவியிருப்பார். மிச்சம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர்தான்.

அதற்குள் பெட்ரோலுக்கு இரண்டு வழிகள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஸ்லைடு என்ற கதவு மேலேறும், காற்று குறுகிய தொண்டை வழியே வேகமாகப் பாயும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பள்ளியில் படித்ததுதான். மெயின் ஜெட் என்ற பெரிய ஓட்டை வழியாகப் பெட்ரோல் எழும்பி வரும். ஆக்சிலேட்டரை விட்டால் ஸ்லைடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். காற்று கொஞ்சம்தான், மெயின் வழியில் இழுப்பு போதாது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் இன்ஜின் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது! அங்கே சரியாக ஒரு துளி ஓட்டை போட்டு, பைலட் ஜெட் என்ற பித்தளைத் துண்டோடு இணைத்தவரின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். சிக்னலில் வண்டியின் உயிர் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

அதை அடைத்தது எது? அடுப்படி அலமாரியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியிருக்கிறீர்களா? அதே வேதியியல். பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிவிடும். மிஞ்சியவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகும். பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலந்த ஆயிலும் அதோடு சேர்ந்து படியும்.

இப்போது ஒரு கணக்கு. ஓட்டை 0.4 மி.மீ. என்று வையுங்கள். சுற்றிலும் 0.1 மி.மீ. பிசின் படிந்தால் விட்டம் 0.2 ஆகும், பரப்பு நாலில் ஒரு பங்கு. அதே பிசின் 1 மி.மீ. மெயின் ஜெட்டில் படிந்தாலும் 64 சதவீதம் திறந்திருக்கும். ரோட்டில் ஓடும், சிக்னலில் சாகும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். நம் கத்திரி வெயிலில், மூடிய டேங்கில் அது எத்தனை மாதம் தாங்கும்? காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கும் மாணவர்கள் இதை அளந்து பார்க்கலாம். பெரிய நிதி எதுவும் வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

பைலட் ஜெட்டைக் கழற்றி கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவையுங்கள். கிளட்ச் ஒயர் இழையை விட்டுக் குத்த வேண்டாம். அது எஃகு, ஜெட் பித்தளை. 0.4 ஓட்டை 0.5 ஆனால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடி, பெட்ரோலைக் குடித்தே தீர்க்கும். ஊதிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முழு நிலா தெரிய வேண்டும். பிறை தெரிந்தால் மறுபடி ஊறட்டும்.