பிடிவாதமா, உறுதியா? முதல் பார்வை செய்யும் வேலை

சேலம் அம்மாப்பேட்டையில் தறிப்பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே வாரத்தில் இரண்டு பையன்களை வேலைக்குச் சேர்த்தேன். இரண்டு பேருமே எதிர்க்கேள்வி கேட்பார்கள். ஒருத்தன் கேட்டால் விவரமான பையன் என்று தோன்றுகிறது. இன்னொருத்தன் கேட்டால் வாய் ஜாஸ்தி என்று எரிச்சல் வருகிறது. முதல் நாள் பார்த்ததுதான் காரணமோ?"

பெரும்பாலும் அதுதான். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்ததுமே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. 2006-இல் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தோதரோவ் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முகப்படங்களை வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டார்கள். நிதானமாகப் பார்த்தவர்கள் சொன்னதோடு அந்தப் பதில்கள் பெரிதும் ஒத்துப்போயின. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால், தன் தீர்ப்பு சரி என்ற துணிச்சல் கூடியது.

அவர்கள் அளந்தது தீர்ப்பின் வேகத்தை. தீர்ப்பு உண்மையா என்பதை அல்ல. இந்த ஆய்வை வைத்துக்கொண்டு சாமுத்திரிகா லட்சணத்துக்கு விஞ்ஞான முலாம் பூச யாராவது வந்தால் நம்பாதீர்கள். நெற்றியையும் மூக்கையும் பார்த்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைச் சாதாரண நம்பிக்கை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

சரி, அந்த முதல் தீர்ப்பு அப்புறம் என்ன செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் ஆளைப் பற்றி ஆறே சொற்கள்: அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இதே வரிசையில் வாசித்தார், இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. முதல் குழுவின் மனதில் சில குறைகள் உள்ள ஒரு திறமைசாலி உருவானார். இரண்டாம் குழுவுக்குத் தெரிந்தவரோ, குறைகளால் திறமையே வீணாகிப்போன ஆள்.

முதலில் வந்த சொல்லுக்கு மனம் கூடுதல் மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆஷ் அப்படி நினைக்கவில்லை. பின்னால் வரும் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது என்றார். 'சாந்தமானவர்' என்ற சொல்லை அன்பு, ஞானம், நேர்மை ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்து, அதற்கு இணையான சொல் கேட்டார். அமைதி நிறைந்தவர் என்பது போன்ற பதில்கள் வந்தன. அதே சொல்லைக் கொடுமை, தந்திரம், அதர்மம் ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்தார். கல்நெஞ்சர், கணக்குப் போட்டு நடப்பவர் என்கிற மாதிரி பதில்கள் வந்தன! தறிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பாவு என்பது தறியில் நீளவாட்டில் விரிக்கும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல். நீலப் பாவின் குறுக்கே பச்சை ஊடை ஓடினால் அது வெறும் பச்சையாகத் தெரியாது, மயில்கழுத்து நிறமாகிவிடும். அந்த இரண்டு பையன்களின் கேள்விகளும் ஒரே ஊடைதான். முதல் நாள் விரித்த பாவு வேறு. பின்னால் வரும் சொற்களில் கவனம் குறைகிறது, அதனால்தான் இந்த விளைவு என்று நார்மன் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் பிற்பாடு வாதிட்டார். இரண்டுமே நடக்கலாம் என்பது என் எண்ணம்.

நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோம் என்பதும் இதில் சேர்கிறது. 1948-இல் போஸ்ட்மன், புரூனர், மெக்கின்னிஸ் மூவரும் 25 மாணவர்களின் விழுமியங்களை முதலில் அளந்தார்கள். பணமா, கலையா, பக்தியா, மக்கள் தொண்டா என்று ஒவ்வொருவருக்கும் முக்கியமானது எது என்று பார்த்தபின், சொற்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டினார்கள். தான் மதிக்கும் துறைச் சொல்லை அவரவர் சீக்கிரம் அடையாளம் கண்டுகொண்டார்கள். பழகிய சொல் என்பதால்தான் சீக்கிரம் தெரிந்தது என்று மூன்று வருடத்தில் மறுப்பும் வந்தது. ஆனால் மதிப்பதைத்தானே நாம் அதிகம் புழங்குகிறோம்? அடக்கத்தைப் பெரிதாக நினைக்கும் முதலாளிக்கு எதிர்க்கேள்விதான் முதலில் காதில் விழும். வேலை நேர்த்தியைப் பெரிதாக நினைப்பவருக்குக் கை ஓடும் விதம் முதலில் கண்ணில் படும்.

கஷ்டம் என்னவென்றால், இது நடப்பது நமக்கே தெரிவதில்லை. 1977-இல் நிஸ்பெட், வில்சன் இருவரும், வெளிநாட்டு உச்சரிப்புள்ள ஓர் ஆசிரியரின் இரண்டு வீடியோக்களைக் காட்டினார்கள். ஒன்றில் அவர் கனிவாகப் பேசுகிறார், மற்றதில் கடுகடுப்பாக. கடுகடுப்பைப் பார்த்தவர்களுக்கு அவருடைய உச்சரிப்பும் எரிச்சல் தந்தது. கேட்டபோது, உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளைப் பிடிக்கவில்லை என்று காரணத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தினால், முதல் விடை தந்த அபிப்பிராயம் கடைசி விடை வரை கூடவே வரும். எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்திவிட்டு, தாள்களைக் கலைத்து அடுக்கி, அப்புறம் இரண்டாம் கேள்விக்குப் போகலாம். மதிப்பெண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம், காகிதமும் பொறுமையும் போதும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைச் சோதித்து வந்த முடிவுகளையே நாம் எத்தனை காலம் படித்துக்கொண்டிருப்பது? பெரியார் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் யாராவது சேலம் மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் விடைத்தாள்களை வைத்து இதைச் செய்ய முன்வந்தால், அதற்குத் தாராளமாக நிதி தர வேண்டும்.