வேடந்தாங்கலில் வயலும் பறவையும்

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். மழைக்காலம் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. அத்தனை வயிற்றுக்கும் அந்த ஓர் ஏரியின் மீன் எப்படிப் போதும்? போதாது. ஏரி அவற்றுக்கு வீடு மட்டுமே. தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரத்தில் கூடு இருந்தால் பூனையும் நரியும் நெருங்க முடியாது. சாப்பாட்டுக்கு அவை சுற்றுவட்டார வயல்களுக்கும் குளங்களுக்கும்தான் போகின்றன.

நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நெல் வயல் சேற்றைத் துழாவி நத்தையைப் பிடித்து, அதன் மூடியருகே அலகின் நுனியைச் செருகித் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும்.

அப்படித் தின்றது எச்சமாக ஏரியில் விழுகிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதில் நைட்ரஜன் நிறைய. தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கூடவே பாஸ்பரஸும் சேர, பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிறது. மடையைத் திறந்தால் பயிருக்குப் போவது இந்தத் தண்ணீர்தான். பல ஊர் வயல்களில் சிதறிக் கிடந்த சத்தைப் பறவைகள் ஒரே ஏரியில் கொண்டுவந்து சேர்க்கின்றன.

உரம் மூட்டையில் வராத காலத்திலேயே இந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பாதுகாப்பு உத்தரவை எழுத்தில் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். இந்தியாவில் வனச் சட்டங்களே இல்லாத காலத்தில் உழவர்கள் செய்த வேலை இது. பள்ளிப் பாடத்தில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

சத்து வருகிற வழியில் நஞ்சும் வரும். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து நத்தை, மீன் வழியாகப் பறவையின் உடம்பில் சேர்கிறது. டிடிடி போன்றவை முட்டை ஓட்டையே மெலிதாக்கிவிடும். ஏரிக்கரையோடு நிற்காமல், சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை 1998-ல் சரணாலயமாக அறிவித்தது அதனால்தான் பொருத்தமானது. அதில் பெரும்பகுதி பட்டா நிலமும் ஊர்களும். குஞ்சுகள் பசித்துக் கத்தும் மாதங்களில் அந்த நிலங்களில் பயிரும் நிற்கும். எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்று அங்குள்ள விவசாயி எடுக்கும் முடிவு, வேலி போட்டுக் காவல் வைப்பதைவிடப் பறவைகளுக்கு முக்கியம்.