பவர் க்ரூசர்: டெஸ்ட் ரைடில் தெரியாத பாதி வண்டி

"இழுவை அள்ளுதுங்ணா, ஆனா யூ-டர்ன் போட்டா எருமை மாதிரி முரண்டு புடிக்குது."

பவர் க்ரூசர், அதாவது நீண்ட உடம்பும் இழுவை அதிகமுள்ள இன்ஜினும் கொண்ட கனமான பைக், எடுத்த முதல் மாதத்தில் சர்வீஸுக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். முதல் பாதி, ஷோரூம் வாசலில் இருந்து அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போனாலே தெரிந்துவிடும். இரண்டாம் பாதி தெரிவதற்குள் கிளட்ச் லிவரோ இண்டிகேட்டரோ ஒன்று உடைந்திருக்கும்.

இந்த வகை வண்டியின் பிறவிக்குணம் அப்படி. 1985-இல் வந்த யமஹா வி-மேக்ஸ் நேர்ரோட்டுப் பாய்ச்சலுக்குப் பேர் வாங்கியது, வளைவுக்கு அல்ல. 2011-இல் டுகாட்டி டியாவெல் வந்த பிறகுதான் 240 மில்லிமீட்டர் அகலப் பின் டயரோடும் வளைவில் திருப்பலாம் என்று நம்பினார்கள். 2019-இல் வந்த புதிய டிரையம்ஃப் ராக்கெட் 3-க்கு 2458 சிசி, 221 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை). நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது 2016 டிசம்பரில் பவர் க்ரூசர் என்ற பேரோடு வந்த பஜாஜ் டோமினார் 400: 373 சிசி, 35 நியூட்டன் மீட்டர், எடை 180 கிலோவுக்கு மேல். ராக்கெட்டோடு ஒப்பிட்டால் குழந்தைதான். ஆனால் 110 கிலோ ஸ்ப்ளெண்டரில் இருந்து நேராக இதற்கு மாறுகிறவருக்கு அந்த எழுபது கிலோ லேசான சமாச்சாரம் இல்லை.

டெஸ்ட் ரைடில் முறுக்குவிசை மட்டும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கிறது, கியர் குறைக்க வேண்டியதில்லை, இன்ஜின் அலறுவதும் இல்லை. அதனால் நூறில் போகும்போது எழுபதில் போகிற மாதிரி இருக்கும். நிற்கும் தூரம் அப்படி ஏமாறாது. அறுபதில் இருக்கும் வண்டியைவிட நூறில் இருக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 2.8 மடங்கு இயக்க ஆற்றல், அத்தனையையும் பிரேக்தான் தின்றாக வேண்டும். அது போக, கண் பார்த்துக் கை அழுத்த ஒன்றரை வினாடி ஆனால் அதற்குள்ளேயே நாற்பது மீட்டர் ஓடியிருக்கும். புது வண்டியில் முதல் சில நாள் மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள், காதை நம்பாதீர்கள்.

சரி, டெஸ்ட் ரைடில் எதைப் பார்ப்பது? ஓட்டுவதற்கு முன் தள்ளிப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களாலும் பத்தடி பின்னால் தள்ளுங்கள். லேசான ஏற்றத்தில் முடியவில்லை என்றால், ஒப்பணக்கார வீதி மாதிரி இடத்தில் சரிவைப் பார்த்து மூக்கை விட்டு நிறுத்திய அன்றைக்கு யாரையாவது கூப்பிட வேண்டி வரும். அடுத்து, ஹேண்டிலை முழுக்க ஒடித்து நடை வேகத்தில் ஒரு வட்டம். கிளட்ச் பாதி பிடியில், ஆக்சிலேட்டர் ஒரே அளவில், வேகத்தைக் கட்டுப்படுத்தப் பின் பிரேக் மட்டும். ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும். 180 கிலோ சாயத் தொடங்கிவிட்டால் காலால் தாங்கப் பார்க்காதீர்கள், விட்டுவிடுங்கள். லிவர் போனால் வாங்கலாம், கணுக்கால் போனால் மூன்று மாதம் கட்டுப் போட வேண்டும். பின்னால் உட்காரப் போகிறவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சின்ன சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு வீட்டுக்காரம்மா சொல்லும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

"வளைவில் வெளியே இழுக்குது" என்ற புகார் அடுத்தது. நீளமான வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), சாய்ந்து நீண்ட முன் ஃபோர்க், அகலமான பின் டயர் மூன்றும் சேர்ந்தால் வண்டி நேராகப் போகவே விரும்பும். அகல டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவில் இருந்து ஓரத்துக்கு நகர்ந்து வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். இடது வளைவு என்றால் இடது ஹேண்டிலை முன்னால் மெதுவாகத் தள்ள வேண்டும், வளைவு முடியும்வரை அந்த அழுத்தத்தை விடக் கூடாது. சின்ன வண்டியில் இது தன்னால் நடந்துவிடும். இதில் தெரிந்து செய்ய வேண்டும்.

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி. புது வண்டியை முதலில் அங்கேதான் ஓட்டிப் போவோம் என்று அடம் பிடிக்கிறவர்கள் இடப்பக்க ஏற்ற வளைவைக் கவனியுங்கள். நாம் இடது ஓரம் போவதால் அந்த வளைவின் உள்வட்டம் நமக்கு. அங்கே ஏற்றம் செங்குத்து, சாலையும் உட்பக்கம் சரிந்திருக்கும். இரண்டாவது கியரில் நுழைந்து, பாதியில் இழுவை போதாமல் இன்ஜின் அணைந்தால் வண்டி இடப்பக்கம் சாயும். கால் ஊன்றப் போனால் தரை ஒரு சாண் கீழே இருக்கும். கொண்டை ஊசியில் வண்டி விழுவது பெரும்பாலும் இப்படித்தான், வேகத்தால் இல்லை. கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், எதிரே பஸ்ஸோ லாரியோ வந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுங்கள். பெரிய வண்டி முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளிலும் இதே கதைதான்.

இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். பின் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சக் கூடியது, பழசாக ஆகக் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான். வால்பாறை ரோட்டின் ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் போட்டோ எடுக்க எப்படியும் நிற்பீர்கள். அப்போது லிவரையும் மிதியையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இனி காற்று. எந்த ரிவ்யூவிலும் இது வராது, ஏனென்றால் அவர்கள் யாரும் ஆடி மாதம் பல்லடம்-உடுமலை ரோட்டில் ஓட்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளைச் சுற்றுவது போலவே உங்களையும் தள்ளும். ரோடு ஏறக்குறைய வடக்கு-தெற்கு என்பதால் அடி நேராக விலாவில் விழும். அகல ஹேண்டிலில் கையை விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு பாய்மரம்.

இதில் போகும் திசைதான் முக்கியம். உடுமலையில் இருந்து பல்லடம் போகும்போது காற்று இடப்பக்கம். முன்னால் போகும் கறிக்கோழி லாரியை வலப்பக்கமாக ஓவர்டேக் செய்யும்போது லாரி காற்றை மறைத்துக்கொள்ளும், நீங்களும் தெரியாமலே நிமிர்ந்துவிடுவீர்கள். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக இடமிருந்து அறைந்து, வண்டியை எதிர் வரிசைக்குள் இரண்டு மூன்று அடி தள்ளும். பல்லடத்தில் இருந்து உடுமலை போகும்போது எதிரே வரும் லாரிதான் மறைப்பு. அது கடக்கும்போது வெற்றிடம், கடந்ததும் வலப்பக்கம் இருந்து அறை, இடது ஓரத்து மண்ணுக்குத் தள்ளல். இரண்டிலும் கையை இறுக்கினால் உடம்பில் விழும் காற்று ஹேண்டிலுக்குள் போகும். கையைத் தளர்த்தி, உடம்பைத் தாழ்த்தி, முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள். ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருக்கும் மாடலில் டேங்கைக் கவ்வ முடியாது, அதில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

டயருக்கு வருவோம். புது டயர் முதல் 150 கிலோமீட்டருக்கு வழுக்கும், அதுவரை சாய்க்க வேண்டாம். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவு. பெட்ரோல் பங்க் பையன் "நாப்பது வெச்சுட்டனுங்க" என்றால் இறக்கச் சொல்லுங்கள். கோவை-சேலம் நாலுவழிச் சாலையிலேயே ஓடும் வண்டியில் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். நேரே போகும்வரை குறை தெரியாது. மலையில் சாய்த்தால் தட்டையின் விளிம்பைத் தாண்டும்போது வண்டி பொத்தென்று உள்ளே விழுகிற மாதிரி இருக்கும். ஃபோர்க்கைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு டயரில்தான்.

செயின் தளர்வாக இருந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அதிகம் இறுக்கினால் சத்தமே இருக்காது, அதுதான் ஆபத்து. ஆள் ஏறி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம் அசையும்போது செயின் இன்னும் இறுகி, இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும். கையேட்டில் உள்ள அளவை எந்த நிலையில் எடுக்கச் சொல்லியிருக்கிறதோ, சைடு ஸ்டாண்டா நிமிர்த்தியா, அந்த நிலையிலேயே எடுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் புது செயின் நீளும், அந்தச் சமயத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. வேகத்தடையில் அடி தட்டினால் முதலில் பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) பாருங்கள். ஒற்றை ஆளுக்கு வைத்த அளவிலேயே இரண்டு பேரும் பையும் ஏறினால் தட்டத்தான் செய்யும்.

கேத்தனூர்ப் பக்கம் டீக்கு நிறுத்தினால் வண்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம். வண்டி வடக்கு பார்த்து நின்றால் மேற்குக் காற்று இடமிருந்து நிமிர்த்தி வலப்பக்கம் உருட்டிவிடும். தெற்கு பார்த்து நிறுத்தினால் அதே காற்று ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.